ஐஸ் ரிங்க்: பனியில் கால் வைக்கும் முன்பே செய்யும் தவறுகள்

ஸ்கேட்டிங் ரிங்கில் விழுபவர்களில் பலர், அதற்கான ஏற்பாட்டை ஷூ மாட்டும் பெஞ்சிலேயே செய்து முடித்திருப்பார்கள். கால் வலிக்குமே என்று ஒரு சைஸ் பெரிய ஷூ, குளிருமே என்று தடிமனாக இரண்டு சாக்ஸ். உள்ளே கால் அசைந்தால் பிளேடு ஒரு பக்கம் போகும், கணுக்கால் இன்னொரு பக்கம் மடங்கும். மெல்லிய சாக்ஸ் ஒன்று போதும்.

குதிகாலை ஷூவின் பின்புறத்தோடு ஒட்டி வைத்துக்கொண்டு லேஸ் கட்டுங்கள். விரல் பக்கம் கொஞ்சம் தளர்வாக, பாதம் வளைந்து கணுக்காலைத் தொடும் இடத்தில் நல்ல இறுக்கமாக, மேலே முழங்காலை மடக்க முடிகிற அளவுக்கு. எழுந்து நின்று மடக்கிப் பாருங்கள். குதிகால் மேலெழும்பினால் சோம்பல் பார்க்காமல் அவிழ்த்து மறுபடி கட்டுங்கள்.

அடுத்தது, பழகியவர்களும் செய்கிற தவறு: பிளேடு கார்டை, அதாவது பிளேடின்மேல் மாட்டும் பிளாஸ்டிக் உறையை, கழற்றாமல் பனியில் இறங்குவது. பிளாஸ்டிக்குக்குப் பனியில் பிடிப்பே கிடையாது. நானும் ஒருமுறை அப்படி இறங்கி, வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறேன். திரும்பி வந்ததும் ஈரத்தைத் துடைக்காமல் அதே கார்டுக்குள் பிளேடை அடைத்து வைத்தால் துருப்பிடிக்கும். துணி உறைதான் சரி.

பிளேடு கத்தி மாதிரி ஒற்றைக் கூர் அல்ல. நடுவில் பள்ளம், இருபுறமும் இரண்டு விளிம்புகள். அவை மழுங்கினால் கால் பக்கவாட்டில் வழுக்கும். "எனக்கு பேலன்ஸ் வரவில்லை" என்று வீணாக வருந்துவோம். ஃபிகர் ஸ்கேட்டின் (இசைக்கேற்பத் தாவி, சுழன்று ஆடுபவர்கள் அணியும் ஷூ) பிளேடு முன்முனையில் இருக்கும் பற்களை ஊன்றி உந்தாதீர்கள். தாவவும் சுழலவும்தான் அவை. உந்தினால் முகங்குப்புற விழுவீர்கள்.

பயத்தில் உடம்பு தானாகவே பின்னால் சாயும். முழங்காலை மடக்கி, கைகளைக் கண்ணுக்குத் தெரியும்படி முன்னால் வையுங்கள். விழுந்தால் விரல்களை மூடிக்கொண்டு உடனே எழுந்துவிடுங்கள்.

பனியைப் புதுப்பிக்கும் வண்டி வெளியேறியதும் ஓடாதீர்கள். அது ஊற்றுவது பெரும்பாலும் சுடுநீர். மேல்பனியைச் சற்று உருக்கி ஒட்டிக்கொண்டு உறைய கொஞ்சம் நேரம் வேண்டும்.

சரி, ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டிக்கு வருவோம். ஹாக்கிக்கான பனி ஏறக்குறைய மைனஸ் 5, 6 டிகிரியில் கெட்டியாக இருக்கும். ஃபிகர் ஸ்கேட்டிங்கிற்கு மைனஸ் 3, 4 டிகிரியில் சற்று மென்மையான பனிதான் தோது. கெட்டிப் பனியிலேயே பழகிவிட்டு வந்தால் முதல் தாவலிலேயே கால் தடுமாறும். பெரிய போட்டிகளில் வார்ம்-அப் 6 நிமிடம்தான். அதில் எல்லாத் தாவல்களையும் முயன்று களைத்துவிடுகிறார்கள். தன் வார்ம்-அப் குழுவில் கடைசியாக ஆடுபவர், காத்திருக்கும் நேரத்தில் லேஸைத் தளர்த்திவிட்டு மறுபடி கட்ட மறப்பதும் உண்டு. உடையில் தைத்த மணி, தலையில் குத்திய பின் எல்லாம் அசைகிறதா என்று முன்பே இழுத்துப் பாருங்கள். இவற்றில் ஏதாவது கழன்று பனியில் விழுந்தால் 1 புள்ளி போகும். ஓட்டத்தில் பிளேடுக்கு அடியில் ஒரு பின் சிக்கினால் என்னவாகும் என்று யோசித்தால் இந்த விதி கடுமையாகத் தோன்றாது.

பார்க்க வருபவர்களும் விதிவிலக்கல்ல. ஒருமுறை விழுந்ததுமே "அவ்வளவுதான்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். 6.0-ஐ உச்சமாக வைத்த பழைய மதிப்பெண் முறை, 2002 சால்ட் லேக் சிட்டி குளிர்கால ஒலிம்பிக்கில் நடுவர் தீர்ப்பு பற்றி எழுந்த சர்ச்சைக்குப் பிறகு கைவிடப்பட்டது. இப்போது ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் தனித்தனிப் புள்ளி. விழுந்தவர் மீதியில் மீண்டு வரலாம். ஃபிளாஷ் போட்டுப் படமெடுக்காதீர்கள். உதிரிப்பூவையும் வீசாதீர்கள். பொறுக்க வரும் சின்னப் பிள்ளைகளின் கண்ணில் ஒரு இதழ் படாமல் போனால், அடுத்து ஆட வருபவரின் பிளேடுதான் அதன்மேல் ஏறும்.