புழுவெட்டு: எப்போது ஊசி, எப்போது மாத்திரை, எத்தனை மாதம் பொறுப்பது

தலையிலோ தாடியிலோ காசளவுக்கு வழவழவென்று முடி கொட்டியிருந்தால், முதலில் ஒரு போட்டோ எடுத்துத் தேதி போட்டு வையுங்கள். சிகிச்சை முழுக்க அந்தத் தேதியைத்தான் சுற்றி நடக்கும். பெயர்தான் புழுவெட்டு, புழு எதுவும் கிடையாது. உடலின் எதிர்ப்பு அணுக்களே முடிவேரைத் தாக்குகின்றன. வேர் சாவதில்லை, முடங்கிக் கிடக்கிறது. அதனால்தான் முடி திரும்ப வளர வழியிருக்கிறது.

வழுக்கையின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். நுனி தடித்து அடி மெலிந்த குட்டை முடிகள், ஆச்சரியக்குறி மாதிரி நின்றால் நோய் இன்னும் வேகமாக இருக்கிறது என்று பொருள். செதில் உதிர்ந்தால், அதுவும் குழந்தைக்கு என்றால், படர்தாமரையா என்று பார்க்க வேண்டும். அதன்மேல் ஸ்டீராய்டு (எதிர்ப்பு அணுக்களை அடக்கும் மருந்து) தடவினால் பூஞ்சை இன்னும் பரவும்.

ஒன்றிரண்டு சிறு வட்டங்கள், புதிதாக எதுவும் வரவில்லை என்றால் மூன்று மாதம் பொறுக்கலாம். பலருக்கு ஒரு வருடத்துக்குள் தானாகவே முளைத்துவிடும். வட்டம் விரிந்தாலோ புருவம் கொட்டினாலோ பொறுக்காதீர்கள்.

பெரியவர்களின் சிறு வட்டங்களுக்கு ட்ரையாம்சினலோன் என்ற ஸ்டீராய்டு ஊசி. ஒரு மி.லி.யில் 2.5 முதல் 10 மி.கி. மருந்து, சுமார் ஒரு செ.மீ. இடைவெளியில், இடத்துக்கு 0.1 மி.லி.க்கு மிகாமல், தோலுக்குள் போடுவார்கள். அடுத்த ஊசி 4 முதல் 6 வாரம் கழித்து. அவசரப்பட்டு முன்னதாகவே போட்டால் தோல் மெலிந்து குழி விழும். முளைப்பு தெரிய 4 முதல் 8 வாரம் ஆகும். ஆறு மாதமாகியும் அசைவில்லை என்றால் வழியை மாற்றுங்கள்.

தலையில் பாதி அல்லது அதற்கு மேல் போய்விட்டதா? காலதாமதம் உண்மையிலேயே கெடுப்பது இங்கேதான். இதற்கான மாத்திரைகளில், அமெரிக்காவில் பாரிசிட்டினிப் 2022-இல் பெரியவர்களுக்கும், ரிட்லெசிட்டினிப் 2023-இல் 12 வயதிலிருந்தும் அனுமதி பெற்றன. இப்போதைய கொட்டல் தொடங்கி நான்கு வருடத்துக்குள் ஆரம்பித்தவர்களுக்குப் பலன் கூடுதல். மாத்திரைக்கு முன் காசநோய், கல்லீரல் அழற்சி, ரத்தப் பரிசோதனைகள் கட்டாயம். பலனை எடைபோடச் சுமார் 36 வாரம் வேண்டும்; சிலருக்கு ஒரு வருடம்கூட ஆகும். மூன்றாம் மாதத்தில் சலித்துப்போய் மாத்திரையை விட்டுவிடுவதுதான் நிறையப் பேர் செய்யும் தவறு. முடி வந்துவிட்டதே என்று நீங்களாகவே நிறுத்தினால் பெரும்பாலும் மறுபடி கொட்டும்.

முதலில் வருவது பூனைமுடி மாதிரி, பெரும்பாலும் வெள்ளையாக இருக்கும். பயப்படாதீர்கள், மழிக்கவும் வேண்டாம். நிறம் பின்னால் ஏறும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை அதே வெளிச்சத்தில், அதே கோணத்தில் போட்டோ எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.