மளிகைக் கடைக்கு முத்ரா கடன்: கையெழுத்துப் போடும் முன்

கடையில் சரக்கு கூட்டப் பணம் தேவையா? வங்கியில் முத்ரா கடன் கேளுங்கள்; சிறு தொழில் செய்பவர்களுக்கான மத்திய அரசின் கடன் திட்டம் இது. சிசு பிரிவில் 50,000 ரூபாய் வரை, கிஷோரில் 5 லட்சம் வரை, அடமானம் வேண்டாம். ஆதார், பான், கடை முகவரிச் சான்று, வங்கிக் கணக்கு விவரம், வாங்கப்போகும் சரக்குக்குக் கொட்டேஷன் எல்லாம் தயாராக இருக்கட்டும். உத்யம் பதிவு, அதாவது சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு, இலவசம். அதற்குப் பணம் கேட்கும் இடைத்தரகரிடம் போகவே போகாதீர்கள்.

வெளியே தனியாரிடம் வாங்குவதானால், வட்டியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். "வருடத்துக்கு 12 சதவீதம்தான்" என்றால், பிளாட் வட்டியா, குறையும் நிலுவைக்கா (கட்டியது போக மீதி அசலுக்கு மட்டும் வட்டியா) என்று கேளுங்கள். 50,000 ரூபாயை 12 மாதத்தில் கட்டினால் பிளாட்டில் வட்டி 6,000, தவணை 4,667. குறையும் நிலுவையில் வட்டி சுமார் 3,310, தவணை 4,442. அசல் குறைந்துகொண்டே வந்தாலும் பிளாட்டில் கடைசி மாதம் வரை முழு 50,000க்கும் வட்டி போடுவார்கள்.

பணம் வந்ததும் ஷோகேஸ், போர்டு என்று இறங்க வேண்டாம். அரிசி, பருப்பு, எண்ணெய் மாதிரி சீக்கிரம் விற்றுத் தீரும் சரக்கில் போடுங்கள். அதையும் கடன் நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டால் தவணை நாளில் கல்லா காலி. தினமும் கடை மூடும்போது 150 ரூபாயைத் தனி டப்பாவில் போடுங்கள்; முப்பது நாளில் 4,500 சேர்ந்துவிடும், 4,442 தவணைக்குப் போதும்.