செரோக்கி வம்சாவளிக் கூற்றைச் சரிபார்க்கும் முறை

தம் கொள்ளுப்பாட்டி செரோக்கி என்ற அமெரிக்கப் பழங்குடி இனத்தவர் என்று சொல்லும் குடும்பங்கள் அமெரிக்காவில் ஏராளம். அதைச் சரிபார்க்க விரும்புபவர், பெற்றோரிலிருந்து தொடங்கி, பிறப்பு, இறப்புச் சான்றுகளைக் கொண்டு தலைமுறை தலைமுறையாகப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். ஓக்லஹோமாவிலுள்ள செரோக்கி நேஷன் என்ற பழங்குடித் தேசத்தில் குடியுரிமை பெற, அமெரிக்க அரசு 1898இல் தொடங்கித் தொகுத்த பழங்குடியினர் பட்டியலான டாவ்ஸ் பதிவேட்டில் செரோக்கி நேஷனுக்குரிய பகுதியில் இடம்பெற்ற ஒருவரின் நேரடி வழித்தோன்றல் என்பதை நிறுவ வேண்டும். இரத்த விகிதத்துக்கு, அதாவது வம்சாவளியில் செரோக்கியரின் பங்குக்கு, கீழ்வரம்பு இல்லை. வட கரோலினாவிலுள்ள செரோக்கியரின் கிழக்குக் குழுவோ, 1924ஆம் ஆண்டின் பேக்கர் பதிவேட்டில் இடம்பெற்றவரின் நேரடி வழித்தோன்றலாயிருப்பதோடு பதினாறில் ஒரு பங்கு செரோக்கி இரத்தத்தையும் கோருகிறது.

சந்தையில் விற்கும் வம்சாவளி மரபணுச் சோதனைக்குச் செலவிடுவது, என் கருத்தில், வீண். அது எவரையும் குறிப்பிட்ட பழங்குடித் தேசத்தோடு இணைத்துக் காட்டாது. தமக்குச் செரோக்கி வம்சாவளி உண்டு என்று சொல்லிவந்த அமெரிக்க செனட்டர் எலிசபெத் வாரன் 2018இல் தம் மரபணுச் சோதனை முடிவை வெளியிட்டபோது, செரோக்கி நேஷன் அதை வெளிப்படையாகவே கண்டித்தது.

செரோக்கியரிடம் அடிமைகளாயிருந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள், டாவ்ஸ் பதிவேட்டில் விடுவிக்கப்பட்டோருக்கான தனிப்பட்டியலைத் தேட வேண்டும்; நெடுங்காலம் மறுக்கப்பட்ட அவர்களது குடியுரிமையைக் கூட்டாட்சி நீதிமன்றம் 2017இல் உறுதிசெய்தது.