ஆஃப்ரோடு வண்டிக்கு இன்ஜின் தேர்ந்தெடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"அண்ணா, மலையேத்தறதுன்னா டீசல்தானுங்களே எடுக்கணும்?"

கோவைப் பக்கம் எங்களிடம் 4×4 (நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி) பழக வருகிறவர்கள் வழக்கமாகக் கேட்பது இதைத்தான். அதிலும் பலர் புக்கிங் பணம் கட்டிவிட்டுத்தான் கேட்கிறார்கள். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நாங்கள் எல்லோரும் யோசிக்காமல் எடுத்த முடிவும் இதுதான். அன்றைய ஜீப்புகளுக்கு அது ஓரளவு பொருந்தியது. இன்றைய இன்ஜின் வேறு, புகை விதி வேறு, வரிக் கணக்கும் வேறு. முடிவு மட்டும் அப்படியே இருக்கிறது.

டயர், காற்றழுத்தம், மீட்புக் கயிறு பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை. அவற்றை ஒரு தடவை மாட்டிக்கொண்டாலே கற்றுக்கொள்ளலாம். இன்ஜினில் தவறினால் வண்டியையே விற்க வேண்டிவரும்.

இன்ஜினை முடிவு செய்துவிட்டு 4×4 தேடுவது

மூன்று கதவு மஹிந்திரா தாரில் மூன்று இன்ஜின்கள். 2.0 லிட்டர் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் விசிறி) பெட்ரோல், 2.2 லிட்டர் டீசல், 2023 ஜனவரியில் வந்து சேர்ந்த 1.5 லிட்டர் டீசல். விலை குறைந்தது மூன்றாவது. 1,500 சிசிக்குள்ளும் நாலு மீட்டர் நீளத்துக்குள்ளும் அடங்குவதால் அதற்கு வரி குறைவு. 2025 செப்டம்பர் 22-இல் ஜிஎஸ்டி மாறிய பிறகு அதற்கு 18 சதவீதம், மற்ற இரண்டுக்கும் 40 சதவீதம்.

"டீசலும் கிடைக்குது, விலையும் கம்மி" என்று இதை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் இந்த இன்ஜின் பின்சக்கர இழுவையோடு மட்டும்தான் வருகிறது. வெளியே நின்று பார்த்தால் வித்தியாசம் தெரியாது. உள்ளே உட்கார்ந்து கியர் லீவருக்குப் பக்கத்தில் பாருங்கள், 4×4 மாற்றும் குட்டி லீவர் இருக்காது. பிறகு போட்டுக்கொள்ளலாம் என்றால் டிரான்ஸ்ஃபர் கேஸ், முன் டிஃபரன்ஷியல், முன் ஆக்ஸில் எல்லாம் வேண்டும். நடக்கிற காரியமில்லை.

2024 ஆகஸ்டில் வந்த ஐந்து கதவு தார் ராக்ஸில் நிலைமை தலைகீழ்: 4×4 வேண்டுமென்றால் டீசல்தான், பெட்ரோலுக்கு அது கொடுக்கப்படவில்லை. மாருதி ஜிம்னியில் பெட்ரோல் மட்டும், எல்லா வண்டியும் 4×4. ஃபோர்ஸ் கூர்க்காவில் டீசல் மட்டும், மேனுவல் மட்டும், முன்னும் பின்னும் டிஃபரன்ஷியல் லாக் (ஒரு சக்கரம் சும்மா சுழன்றாலும் மற்றதுக்கும் இழுவை போகச் செய்யும் பூட்டு). ஆகவே முதலில் 4×4-உம் அதோடு வரும் லோ ரேஞ்சும் (வேகத்தைக் குறைத்து இழுவையைப் பெருக்கும் கியர்) வேண்டுமா என்று முடிவு செய்யுங்கள். அதிலேயே பாதி இன்ஜின்கள் கழிந்துவிடும். ஷோரூமில் கையெழுத்துப் போடும் தாளில் "4×4" என்று எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்.

டீசலில்தான் இழுவை என்று நம்புவது

தாரின் 2.2 டீசல் 300 நியூட்டன் மீட்டர் டார்க் (இன்ஜின் சுழற்றும் விசை, அதாவது இழுவை) தருவது 1,600 ஆர்பிஎம்மிலிருந்து (நிமிஷத்துக்கு இன்ஜின் சுழலும் சுற்று). அதே தாரின் பெட்ரோல், மேனுவலில் அதே 300-ஐ 1,250-லேயே கொடுத்துவிடுகிறது. ஆட்டோமேட்டிக்கில் 1,500-லிருந்து 320. பாறை மேல் மெதுவாக ஏறும்போது வேண்டியது கீழ் ஆர்பிஎம் இழுவை. அதில் இந்த டர்போ பெட்ரோல் டீசலுக்குச் சளைத்ததில்லை.

டீசல் ஜெயிப்பது செலவில். லோ ரேஞ்சில் நாள் முழுக்க ஊர்ந்தால் பெட்ரோல் வண்டியின் முள் வேகமாக இறங்கும். பங்க் இல்லாத காட்டுப்பாதையில் அது பெரிய விஷயம். அதற்காக டீசல் எடுத்தால் நியாயம். "இழுக்காது" என்று பயந்து பெட்ரோலைத் தள்ளுவதில் நியாயமில்லை.

தினமும் நாலு கிலோமீட்டர் ஓட்டுகிறவர் டீசல் எடுப்பது

இதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ளவே முடிவதில்லை. படித்தவர்கள், கணக்குப் பார்த்துச் செலவழிக்கிறவர்கள், நாலு பேரிடம் விசாரித்தவர்கள் இதில் போய் விழுகிறார்கள். விற்கிறவர்கள் யாரும் எச்சரிப்பதும் இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் பி.எஸ்.6 விதி. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு வெளியே விடலாம் என்று இருந்த துகள் அளவு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமாக இறங்கியது. அந்த அளவுக்குள் வர, புகைக்குழாயில் ஒரு பீங்கான் வடிகட்டி வைக்கிறார்கள். டி.பி.எஃப். என்பது அதுதான். தேன்கூடு போலக் கண்கண்ணாக இருக்கும். கரி அதில் படியும். படிந்த கரியை அவ்வப்போது எரித்துச் சாம்பலாக்க வேண்டும், இல்லாவிட்டால் அடைத்துக்கொள்ளும்.

எரிவதற்கு வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். ஹைவேயில் ஒரே சீராகப் போனால் புகைச் சூட்டிலேயே கொஞ்சம் எரியும். மிச்சத்துக்கு வண்டியின் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைத் தாமதமாகத் தெளித்து வெப்பத்தை ஏற்றும். அது முடிய ஏறக்குறைய கால் மணி, இருபது நிமிஷம் வண்டி நிற்காமல் ஓட வேண்டும்.

இப்போது வீட்டிலிருந்து கம்பெனிக்கு நாலு கிலோமீட்டர், வழியில் மூன்று சிக்னல் உள்ளவரை நினைத்துப் பாருங்கள். இன்ஜின் சூடாகும்போதே இடம் வந்துவிடும். கம்ப்யூட்டர் எரிக்கத் தொடங்கியிருக்கும், அவர் சாவியைத் திருப்பிவிடுவார். சாயங்காலம் மறுபடி தொடங்கும், மறுபடி பாதியில் நிற்கும். ஒவ்வொரு தடவையும் தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாகக் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலில் கலக்கும்.

திருப்பூரில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் நண்பர் ஒருவருக்கு நடந்தது இதுதான். டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்திருக்கிறது. சர்வீஸ் சென்டரில் அணைத்துக் கொடுத்தார்கள், மறுபடி எரிந்தது, மறுபடி அணைத்தார்கள். எதனால் எரிகிறது என்று அவருக்கு யாரும் விளக்கவில்லை. வால்பாறைப் பயணத்துக்கு முதல் நாள் வண்டியைப் பார்க்கச் சொல்லிக் கொண்டுவந்தார். பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவினேன். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி ஒரு விரல்கடை ஏறியிருந்தது. "பாருங்க, ஆயில் குறையவே இல்லை" என்று அவருக்கு சந்தோஷம். மூக்கருகே கொண்டுபோனால் டீசல் வாடை. விரலில் தொட்டுத் தேய்த்தால் வழுவழுப்பே இல்லை, தண்ணீராக ஓடியது. அந்த ஆயில்தான் டர்போவையும் பேரிங்கையும் காப்பாற்ற வேண்டும். ஆயில் குறைந்தால்தான் ஆபத்து என்று எல்லோருக்கும் தெரியும். கூடினாலும் ஆபத்து என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பயணத்தைத் தள்ளிவைத்து, ஆயிலை மாற்றி, கம்ப்யூட்டர் வைத்துக் கட்டாயமாகக் கரியை எரித்து எடுத்தார்கள். எரிக்க முடியாத அளவுக்கு அடைத்திருந்தால் வடிகட்டியையே மாற்ற வேண்டும். அந்த பில் வாரண்டியில் வருமா என்பதில் ஆரம்பிக்கும் வாக்குவாதம் லேசில் முடியாது.

ஆஃப்ரோடு பிரியர்களுக்கு இதில் இரட்டை அடி. திங்கள் முதல் வெள்ளி வரை குட்டிக் குட்டி ஓட்டம். ஞாயிற்றுக்கிழமை லோ ரேஞ்சில் நடை வேகம். இரண்டிலுமே புகைக்குழாய் போதுமான அளவு சூடாவதில்லை. ஊரிலிருந்து மலையடிவாரம் வரை போகும் ஹைவே ஓட்டம்தான் வண்டியைக் காப்பாற்றுகிறது. அந்த ஓட்டம் வாராவாரம் உண்டென்றால் டீசல் எடுங்கள், ஒன்றும் ஆகாது.

ஷோரூமில் "மாசம் எத்தனை கிலோமீட்டர் ஓட்டுவீங்க?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்வி இங்கே போதாது. மாதம் ஆயிரம் கிலோமீட்டரை இரண்டு சென்னைப் பயணத்தில் ஓட்டினால் டீசல் சுகமாக இருக்கும். அதே ஆயிரத்தை ஐந்து ஐந்து கிலோமீட்டராக ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் அணைக்கும்வரை எவ்வளவு தூரம் போகிறீர்கள்? அதற்குப் பதில் பத்துக்குக் கீழே இருந்தால், மலைமேல் எத்தனை ஆசை இருந்தாலும் பெட்ரோல் எடுங்கள்.

டீசல் வண்டி ஏற்கெனவே கையில் இருந்தால்: நிற்கும்போது ஐடில் வழக்கத்தைவிடக் கொஞ்சம் ஏறியிருக்கிறதா, ரேடியேட்டர் ஃபேன் காரணமில்லாமல் இரைகிறதா, கருகின வாடை வருகிறதா என்று கவனியுங்கள். எரிப்பு நடந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டு வாசலுக்கு வந்துவிட்டாலும் அணைக்காமல் பைபாஸில் ஒரு சுற்றுப் போய்விட்டு வாருங்கள். காட்டுப்பாதையில் அப்படி இருக்கும்போது காய்ந்த புல்மேல் மட்டும் நிறுத்தவே நிறுத்தாதீர்கள். பிப்ரவரி, மார்ச்சில் மேற்குத் தொடர்ச்சி மலைப் புல்வெளிகள் எந்த அளவுக்குக் காய்ந்திருக்கும் என்று போனவர்களுக்குத் தெரியும். அந்தச் சூட்டில் புல் பற்றிக்கொள்ளும்.

வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு சாஃப்ட்வேரை மாற்றித் தருகிறேன் என்று சொல்கிற மெக்கானிக்குகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். சட்டவிரோதம், வாரண்டியும் போகும். அந்தக் கரியைச் சுவாசிக்கப் போவதும் உங்களுக்குப் பின்னால் வருகிறவர்கள்தான். செய்யாதீர்கள்.

மைலேஜை மட்டும் பார்ப்பது

தாளில் போட்டுப் பாருங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 9 கிலோமீட்டர் கொடுக்கிறது. டீசல் 92 ரூபாய், 12 கிலோமீட்டர் கொடுக்கிறது. கிலோமீட்டருக்கு மிச்சம் சுமார் மூன்றரை ரூபாய். ஆன்ரோடு விலையில் டீசல் ஒரு லட்சம் கூடுதல் என்றால், அதை எடுக்க 29,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 500 ஓட்டுகிறவருக்கு ஏறக்குறைய ஐந்து வருஷம். 1,500 ஓட்டுகிறவருக்கு இரண்டு வருஷத்துக்குள் வந்துவிடும். உங்கள் ஊர் விலையை, நீங்கள் பார்க்கும் வேரியண்டின் வித்தியாசத்தைப் போட்டு இதே கணக்கைச் செய்யுங்கள்.

உயரத்தை மறப்பது

ஜிம்னியின் 1.5 பெட்ரோலில் டர்போ கிடையாது. 134 நியூட்டன் மீட்டர், அதுவும் 4,000 ஆர்பிஎம்மில். வண்டி சுமார் 1,200 கிலோதான் என்பதாலும் லோ ரேஞ்ச் இருப்பதாலும் பாறையில் அழகாக ஏறிவிடும். அதைக் குறைத்து மதிப்பிட்டு அருகில் நின்று வாய் பிளந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஆனால் ஊட்டி 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு, டர்போ இல்லாத இன்ஜினின் சக்தியும் அதே அளவுக்குக் குறையும். நாலு பேர், லக்கேஜ், கல்லட்டி ஏற்றம் என்றால் இரண்டாவது கியரில் முனகும். நீலகிரியிலும் கொடைக்கானலிலும் குடும்பத்தோடு அடிக்கடி ஏறுகிறவர் இதை யோசித்து வாங்க வேண்டும்.

லடாக்குக்காக வாங்குவது

வாழ்க்கையில் ஒரு தடவை போகும் பயணத்துக்கு வாடகை வண்டி போதும்.

டீசல் தண்ணீருக்கு அஞ்சாது என்று நினைப்பது

அஞ்சும். 4×4 தாரில் பெட்ரோலானாலும் டீசலானாலும் தண்ணீரில் இறங்கக் கம்பெனி சொல்லும் ஆழம் 650 மில்லிமீட்டர்தான். காற்று இழுக்கும் வாயில் தண்ணீர் புகுந்தால் டீசலின் கனெக்டிங் ராடும் (பிஸ்டனைத் தாங்கும் தண்டு) வளையும்.

சிப் ட்யூனிங்கை நம்பிச் சின்ன இன்ஜின் எடுப்பது

இன்ஜின் கம்ப்யூட்டரின் சாஃப்ட்வேரை மாற்றிச் சக்தியைக் கூட்டிக்கொள்ளலாம் என்ற கணக்கு வேண்டாம்.

சமதளத்தில் டெஸ்ட் டிரைவ் முடிப்பது

ஷோரூமைச் சுற்றி ஒரு வட்டம் அடித்துவிட்டு வந்தால் ஏசி வேலை செய்கிறது என்பது மட்டும்தான் தெரியும். பக்கத்தில் ஒரு மேம்பாலமாவது இருக்கும். ஆட்களை ஏற்றிக்கொண்டு ஏற்றத்தின் நடுவில் நிறுத்துங்கள். ஏசியைப் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல் கிளட்சை மட்டும் மெல்ல விடுங்கள். நகர்கிறதா, அணைகிறதா? பிறகு இரண்டாவது கியரில் 1,200 ஆர்பிஎம்முக்கு இறக்கி மிதித்துப் பாருங்கள், டர்போ எங்கே விழிக்கிறது என்று காலுக்கே தெரியும். 4×4 வண்டியென்றால் மண்தரை ஒன்றில் லோ ரேஞ்ச் போட்டு, முதல் கியரில் இறக்கத்தில் பிரேக்கை விட்டுப் பாருங்கள். இரண்டு இன்ஜினையும் ஒரே நாளில், ஒரே ஏற்றத்தில் ஓட்டுங்கள். டெமோ வண்டி ஒன்றுதான் இருக்கிறது, மற்றதும் இதே மாதிரிதான் என்று சொன்னால் அடுத்த ஊர் ஷோரூமுக்குப் போங்கள்.