வண்டி தயங்குகிறது, பிளக்கில் ஆயில்: எஞ்சினை இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் கார் ஒரு கணம் திணறி, உதறிக்கொண்டு கிளம்புகிறது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் ஆயில் பிசுபிசுக்கிறது. இதைக் கேட்ட மாத்திரத்தில் "ரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்க வேண்டும்" என்று சொல்லிவிடுவோர் உண்டு (ரிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருந்து, ஆயில் மேலே ஏறாமல் தடுக்கும் வளையம்). அதற்கு ஒப்புக்கொள்வதற்கு முன், ஆயில் பிளக்கின் எந்த முனையில் இருக்கிறது என்று பாருங்கள். மேல்முனையில் இருந்தால் ரப்பர் சீல்களை மாற்றுவதோடு வேலை முடிந்துவிடக்கூடும். பொறி விழும் கீழ்முனையில் இருந்தால்தான் எஞ்சினின் உட்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும்.

இங்கே சொல்வது, ஒவ்வொரு பிளக்கின் மேலும் தனித்தனிக் காயில் (பிளக்குக்கு உயர் வோல்டேஜ் தரும் பாகம்) அமர்ந்திருக்கும் பெட்ரோல் எஞ்சினுக்கானது. எஞ்சின் நன்றாக ஆறிய பிறகே தொடங்குங்கள். சூடாக இருக்கும் அலுமினிய ஹெட்டிலிருந்து (சிலிண்டர்களை மேலே மூடும் பாகம்) பிளக்கைத் திருகினால் மரை பழுதாகலாம். காயில்களைக் கழற்றும்போதே அவற்றில் 1, 2, 3 என்று எண் எழுதிவிட்டு, பிளக் இருக்கும் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். குழியில் ஆயில் தேங்கியிருந்தால் பிளக்கில் உடனே கை வைக்காதீர்கள். முதலில் துணியால் ஒற்றி எடுத்து, காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். இல்லையென்றால் பிளக்கைத் தளர்த்தும்போது அந்த ஆயில் மரை வழியாக இறங்கி, பொறி விழும் முனையான எலக்ட்ரோடையும் நனைத்துவிடும். நன்றாக இருக்கும் ரிங்குகள் மீது பழி விழும். புதிதாகக் கற்பவர்கள் அதிகம் ஏமாறுவது இந்த இடத்தில்தான்.

கழற்றிய பிளக்குகளைச் சிலிண்டர் வரிசைப்படியே ஒரு தாளில் அடுக்குங்கள். எலக்ட்ரோடு இளம்பழுப்பாகவும் உலர்ந்தும் இருந்து, வெள்ளைப் பீங்கானிலும் காயிலின் ரப்பர் உறையிலும் மட்டும் ஆயில் இருந்தால், கசிவு மேலிருந்து வருகிறது. ஹெட்டின் மேல்மூடியான டேப்பட் கவரின் கேஸ்கெட்டையும் பிளக் குழாய்களின் சீல்களையும் ஒருசேர மாற்றுங்கள். ரப்பர் உறையைத் துடைத்தால் போதாது. ஆயிலில் ஊறி உப்பியோ வெடித்தோ இருந்தால் பொறி அதன் வழியாகக் குழியின் சுவருக்குத் தாவும் என்பதால், அதையும் மாற்றியாக வேண்டும்.

மிதிக்கும்போது மட்டும் ஏன் தயங்குகிறது? ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடி, இடைவெளியைத் தாண்டப் பொறிக்கு அதிக வோல்டேஜ் தேவைப்படுகிறது. அப்போது மின்சாரம் ஊறிய ரப்பரையோ அழுக்கேறிய பீங்கானையோ சுலபமான வழியாகப் பிடித்துக்கொள்ள, அந்தச் சிலிண்டர் எரியாமல் போகிறது.

எலக்ட்ரோடே கறுத்திருந்தால் விரலால் தொட்டுப் பாருங்கள். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் கலவை அதிகம். ஈரமாகி பெட்ரோல் வாசனை அடித்தால் அங்கே பொறி விழவில்லை. பளபளத்து வழுக்கினால் அது ஆயில். எல்லாப் பிளக்குகளிலும் ஒரே அளவில் ஆயில் இருந்தால், டிப்ஸ்டிக்கில் ஆயில் மட்டம் மேல்கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்றும் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை மீண்டும் உறிஞ்சவிடும் பி.சி.வி. வால்வு அடைத்திருக்கிறதா என்றும் முதலில் பாருங்கள். ஐடிலிங்கில் அந்த வால்வின் வாயில் விரலை வைத்தால் உறிஞ்சுவது தெரிய வேண்டும்.

ஓரிரு சிலிண்டர்களில் மட்டும் ஆயில் இருந்தால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம், எவ்வளவு என்று பாருங்கள். இந்தச் சோதனைக்கு மட்டும் எஞ்சினைச் சூடாக்கி, எல்லாப் பிளக்குகளையும் கையுறை அணிந்து கவனமாகக் கழற்றி, பெட்ரோலையும் இக்னிஷனையும் துண்டித்து, ஒவ்வொரு சிலிண்டரின் பிளக் துளையிலும் கம்ப்ரஷன் கேஜைப் பொருத்தி, ஆக்ஸிலரேட்டரை முழுதும் மிதித்தபடி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். சிலிண்டர்களுக்கிடையே பெரிய வித்தியாசம் இருக்கிறதா என்பதே முக்கியம். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி எஞ்சின் ஆயில் விட்டு மீண்டும் அளந்தால், ரிங் தேய்ந்திருக்கும்பட்சத்தில் அளவு கணிசமாக ஏறும். ஏறாவிட்டால் வால்வையோ ஹெட் கேஸ்கெட்டையோ பார்க்க வேண்டும்.

கம்ப்ரஷன் நன்றாக இருந்தும் பிளக் நனைகிறதென்றால், வால்வு ஸ்டெம் சீல்களை (வால்வுத் தண்டின் வழியே ஆயில் இறங்காமல் தடுப்பவை) நினைவில் கொள்ளுங்கள். அவை கம்ப்ரஷனைத் தாங்குபவை அல்ல என்பதால் கேஜ் அவற்றைக் காட்டிக்கொடுக்காது; புகைதான் காட்டும். இரவு முழுதும் நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்தவுடன் நீலப்புகை வந்து சற்றில் மறைந்தால் இந்தச் சீல்கள். வேகமெடுக்கும்போதெல்லாம் தொடர்ந்து வந்தால் பெரும்பாலும் ரிங். பல எஞ்சின்களில் சிலிண்டருக்குள் காற்றழுத்தம் கொடுத்து, ஹெட்டைக் கழற்றாமலேயே வால்வு சீல்களை மாற்ற முடியும். வேலையை ஒப்படைக்கும்போது இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய பிளக்குகளைக் கம்பிப் பிரஷ்ஷால் தேய்த்து மாட்டுவது எனக்கு உடன்பாடில்லை. பீங்கானில் ஒட்டும் உலோகத் துகளே மின்சாரத்துக்குப் பாதையாகிவிடும். புதியவற்றைக் கையாலேயே மரையில் ஏற்றி, கையேட்டில் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) இறுக்குங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடியபின், முன்பு மோசமாக இருந்த சிலிண்டரின் பிளக்கை மட்டும் மறுபடி கழற்றி, அதன் இரு முனைகளையும் பாருங்கள்.