ஊழியத்துக்குப் படிக்கப் போகிறீர்களா? முதலில் உங்கள் ஆயரிடம் போங்கள்

புது வருட ஆராதனையும் கன்வென்ஷன் கூட்டங்களும் முடிகிற சமயத்தில் ஒவ்வொரு வருடமும் எங்கள் சபையில் ஏதாவது ஒரு தம்பியோ தங்கையோ என்னிடம் வந்து, "அண்ணா, முழுநேர ஊழியத்துக்குப் போகலாம்னு இருக்கேன், எந்தக் காலேஜ் நல்லா இருக்கும்?" என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. நானும் செராம்பூர் பி.டி. என்ற இறையியல் இளநிலைப் பட்டம் படித்தவன் என்பதால் கேட்கிறார்கள். சந்தோஷமாகத்தான் இருக்கும். ஆனால் நான் கல்லூரிப் பெயர் எதையும் உடனே சொல்வதில்லை. படித்து முடித்து எந்தச் சபையில் ஊழியம் செய்யப் போகிறீர்கள், அதை முதலில் சொல்லுங்கள் என்று திருப்பிக் கேட்பேன்.

காரணம் இருக்கிறது. இறையியல் பட்டம் எல்லாச் சபையிலும் ஒரே மதிப்பில் செல்லுபடியாகாது. என்னோடு ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்த நண்பன் ஒருவன், நோட்டீஸைப் பார்த்துவிட்டு யாரிடமும் கேட்காமல் ஊருக்கு வெளியே ஒரு வேதாகமக் கல்லூரியில் சேர்ந்து மூன்று வருடம் படித்தான். நன்றாகத்தான் படித்தான், வேதத்தை நன்றாகவும் கற்றுக்கொண்டான். திரும்பி வந்து குருத்துவத்துக்கு விண்ணப்பித்தபோது, இந்தப் பட்டத்தை நாங்கள் எடுத்துக்கொள்வதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வேறு கல்லூரியில் முதல் வருடத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தான். வீட்டில் அவன் அம்மா அன்றைக்கு அழுததை நான் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

சரி, எந்தச் சபை எதைக் கேட்கும்? தென்னிந்தியத் திருச்சபை, லுத்தரன், மெதடிஸ்ட் போன்ற சபைகளில் ஆயராக, அதாவது சபைப் போதகராக வேண்டுமானால் செராம்பூர் பட்டத்தைத்தான் பொதுவாக எதிர்பார்ப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகளும் தனிச் சபைகளும் பெரும்பாலும் தங்கள் சொந்த வேதாகமக் கல்லூரிகளையோ, ஆசிய இறையியல் கழகமான ஏ.டி.ஏ.வின் அங்கீகாரம் உள்ள கல்லூரிகளையோ பார்ப்பார்கள். கத்தோலிக்கர் என்றால் வழியே வேறு, நீங்களாகக் கல்லூரி தேடி விண்ணப்பம் போட முடியாது. மறைமாவட்டமோ துறவற சபையோ உங்களை ஏற்றுக்கொண்டு அனுப்ப வேண்டும், மெய்யியலும் இறையியலும் சேர்த்துப் பல வருடப் பயிற்சி. சென்னைப் பக்கம் பூந்தமல்லி திரு இருதயக் குருத்துவக் கல்லூரியைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். பங்குத் தந்தையிடம் போய்ப் பேசுவதுதான் அதற்கு முதல் படி.

செராம்பூர் என்றால் என்ன என்று பலருக்குத் தெரிவதில்லை. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் ஹூக்ளி நதிக் கரையில் வில்லியம் கேரி, மார்ஷ்மன், வார்ட் மூவரும் 1818-ல் ஆரம்பித்த கல்லூரி. அப்போது செராம்பூர் நம் தரங்கம்பாடி மாதிரியே டேனிஷ்காரர்கள் கையில் இருந்த ஊர். அதனால் டென்மார்க் அரசர் ஆறாம் பிரடெரிக் 1827-ல் பட்டம் கொடுக்கும் அதிகாரத்தைச் சாசனமாகக் கொடுத்தார், 1918-ல் வங்காளச் சட்டமன்றம் தனிச் சட்டமே போட்டது. இன்றைக்கு நாடு முழுக்கப் பல இறையியல் கல்லூரிகள் அதன் செனட்டோடு, அதாவது பட்டம் வழங்கும் அதன் குழுவோடு, இணைந்திருக்கின்றன. நீங்கள் படிப்பது கீழ்ப்பாக்கத்தில் இருக்கும் குருகுலம் லுத்தரன் இறையியல் கல்லூரியாக இருக்கலாம், மதுரை அரசரடியில் 1969-ல் தொடங்கிய தமிழ்நாடு இறையியல் கல்லூரியாக இருக்கலாம், பெங்களூர் ஐக்கிய இறையியல் கல்லூரியாகவும் (யு.டி.சி.) இருக்கலாம், பட்டம் தருவது செராம்பூர் செனட்தான். பி.டி. படிப்பு பட்டதாரிகளுக்குப் பொதுவாக 4 வருடம், பிளஸ் டூ முடித்து நேராக வருகிறவர்களுக்கு 5. அந்தந்த வருட விண்ணப்பக் கையேட்டை வாங்கி இதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் சிபாரிசுக் கடிதம். விண்ணப்பத்தில் இது ஒரு வரியாகத்தான் இருக்கும், ஆனால் ஆட்கள் தடுக்கி விழுவது இங்கேதான். உங்கள் ஆயர், அவர் பொறுப்பில் உள்ள சபைகளின் நிர்வாகக் குழுவான சேகரக் கமிட்டி, அதற்கு மேலே பேராயர் தலைமையிலான பேராய அலுவலகம், பேராயத்தின் நேர்முகம் என்று படிப்படியாகப் போகும். கமிட்டி நினைத்தவுடன் கூடாது, பேராயர் சுற்றுப்பயணத்தில் இருப்பார், ஒரு கையெழுத்துக்கு மூன்று வாரம் காத்திருக்க நேரிடும். கல்லூரி விண்ணப்பத்தின் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னால் போய் நின்றால் யாராலும் உதவ முடியாது. குறைந்தது ஒரு வருடம் முன்னாலேயே ஆயரிடம் மனம் திறந்து பேசிவிடுங்கள். ஆராதனை முடிந்து எல்லோரும் கைகுலுக்கி நிற்கிற நேரத்தில் வேண்டாம், ஒரு வாரநாள் சாயங்காலம் நேரம் கேட்டுப் போங்கள். பேராயம் ஸ்பான்சர் செய்து அனுப்பினால் படிப்புச் செலவில் உதவி கிடைக்கலாம், படித்த பிறகு வேலைக்கும் ஒரு வாய்ப்பு உண்டு. சொந்தச் செலவில் படித்துவிட்டு வந்தால் அந்த வாய்ப்பு நிச்சயமில்லை. அதைத் தெரிந்தே போங்கள்.

நேர்முகத்தில் உங்கள் அழைப்பைப் பற்றிக் கேட்பார்கள். மனப்பாடம் செய்த சாட்சி வேண்டாம். எங்கே, எப்போது, யாருக்கு என்ன செய்து பார்த்திருக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். ஞாயிறு பள்ளி எடுத்தது, அரசு மருத்துவமனை வார்டில் ஜெபிக்கப் போய் என்ன பேசுவது என்று தெரியாமல் நின்றது, வாலிபர் கூட்டத்தில் சண்டை தீர்த்தது, எல்லாமே பேச வேண்டியதுதான். சந்தேகங்கள் இருந்தால் மறைக்காதீர்கள்.

உள்ளே போனால் படிப்பு கடினம், அதையும் சொல்லிவிடுகிறேன். பழைய ஏற்பாடு, புதிய ஏற்பாடு, திருச்சபை வரலாறு, இறையியல், அறவியல், பிற சமயங்கள், ஆற்றுப்படுத்துதல், தலித் இறையியல், பெண்ணிய இறையியல் என்று பாடங்கள் விரியும். சின்ன வயதிலிருந்து நம்பி வந்த சிலவற்றை வகுப்பில் கேள்வி கேட்பார்கள், முதல் வருடம் பலருக்குத் தூக்கம் போகும். எனக்கும் போனது. அதோடு கிரேக்கம் அல்லது எபிரேயம். நான் கிரேக்கம் எடுத்தேன். பழைய கல்யாணப் பத்திரிகைகளைச் சின்னச் சின்ன அட்டையாக வெட்டி, ஒரு பக்கம் கிரேக்கச் சொல், மறுபக்கம் தமிழ் எழுதி, விடுமுறையில் தாம்பரத்திலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் புரட்டிக்கொண்டே போவேன். 'லூஓ' என்றால் அவிழ்க்கிறேன். அந்த ஒரே வினைச்சொல் எத்தனை வடிவம் எடுக்கும் என்று பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் மூன்றாவது மாதம் யோவான் சுவிசேஷத்தின் முதல் வசனத்தைத் தட்டுத்தடுமாறி மூலத்திலேயே வாசித்தபோது ரயிலில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அட்டை முறையை இன்றைக்கும் எல்லோருக்கும் சொல்கிறேன்.

மொழியைப் பற்றி இன்னொன்று. பல கல்லூரிகளில் வகுப்பும் தேர்வும் ஆங்கிலத்தில். ஆனால் நீங்கள் பிரசங்கம் செய்யப் போவது காசிமேட்டிலோ செங்கல்பட்டுப் பக்கமோ தமிழில்தான். நான்கு வருடம் ஆங்கிலத்தில் யோசித்துவிட்டு மேடையில் ஏறினால், 'மீட்பு' என்ற சொல்லைக்கூட ஒரு மீனவ அம்மாவுக்கு விளக்க வாய் வராது. எனக்கு நடந்திருக்கிறது. அன்றைக்குப் படித்ததை அன்றிரவே தமிழில் அரைப் பக்கம் எழுதி வையுங்கள். ஆங்கிலம் வராது என்று பயந்து ஒதுங்குகிறவர்கள் மதுரைக் கல்லூரியை அவசியம் விசாரியுங்கள், தமிழில் இறையியல் படிப்பதற்குப் பெயர் பெற்ற இடம் அது.

பெண் பிள்ளைகள் பலர் தயங்கிக் கேட்கிறார்கள். தாராளமாகப் படிக்கலாம், தென்னிந்தியத் திருச்சபையில் பெண்கள் ஆயர்களாக இருக்கிறார்கள். எல்லாச் சபையிலும் அப்படி இல்லை, அதனால் உங்கள் சபையின் நிலை என்ன என்று சேரும் முன்பே நேராகக் கேட்டுவிடுங்கள்.

வேலையை விட முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. செராம்பூரின் விரிவாக்கப் பிரிவான செப்டர் வழியாக வீட்டிலிருந்தே பி.சி.எஸ். என்ற கிறிஸ்தவ இயல் இளநிலைப் பட்டம் படிக்கலாம். சபையில் பொறுப்பெடுக்கிற விசுவாசிகளுக்கு அருமையான படிப்பு, குருத்துவத்துக்கான படிப்பு என்று மட்டும் நினைத்துச் சேராதீர்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தவ இயல் துறை இருக்கிறது, எம்.ஏ.வும் ஆராய்ச்சியும் செய்யலாம். ஆசிரியப் பணியோ ஆராய்ச்சியோ விரும்புகிறவர்கள் அங்கே போய் விசாரியுங்கள்.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. பணம் கட்டினால் ஒரே நாளில் ஹோட்டல் ஹாலில் அங்கி மாட்டி 'டாக்டர்' பட்டம் தருகிறார்கள். தயவுசெய்து போகாதீர்கள். 1956-ம் வருட யு.ஜி.சி. சட்டப்படி பட்டம் கொடுக்க யாருக்கு அதிகாரம் உண்டு என்பதற்கு வரையறை இருக்கிறது. எந்தக் கல்லூரியாக இருந்தாலும் பட்டத்தில் கையெழுத்துப் போடுவது யார், பிறகு எம்.டிஎச். என்ற இறையியல் முதுநிலைப் பட்டம் படிக்க அது செல்லுமா என்ற இரண்டு கேள்வியையும் எழுத்தில் கேட்டு, பதிலையும் எழுத்திலேயே வாங்குங்கள். பதில் சொல்லத் தயங்கினால் அங்கே முன்பணம் கட்ட வேண்டாம்.

விண்ணப்பம் போட்டுவிட்டுக் காத்திருக்கிற மாதங்களில் மாற்கு சுவிசேஷத்தைப் பென்சிலோடு உட்கார்ந்து ஒரே மூச்சில் வாசியுங்கள், புரியாத இடத்திலெல்லாம் ஓரத்தில் கேள்வி எழுதுங்கள். அந்த வேதாகமத்தையே கல்லூரிக்கும் எடுத்துக்கொண்டு போங்கள்.