கமிட் மெசேஜுக்குச் சட்டம் போடுகிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பாலக்கோட்டிலிருந்து தினமும் பஸ் ஏறி வரும் பையன் ஒருவன் எங்கள் கிருஷ்ணகிரி ஆபீஸில் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். போன வாரம் வந்து, "அண்ணா, இனிமே யாரும் கண்டபடி கமிட் போட முடியாது. கமிட்லிண்ட் மாட்டிட்டேன்" என்றான். சில வருஷத்துக்கு முன்னால் இதே மாடியில் நின்று இதையே சொன்னவன் நான். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். புரோகிராமில் செய்த மாற்றத்தை கிட் என்ற கருவியில் பதிவதுதான் கமிட். அதோடு எழுதும் குறிப்பு கமிட் மெசேஜ். அந்தக் குறிப்பின் வடிவத்தைச் சோதிக்கும் கருவி கமிட்லிண்ட். 'அப்டேட்', 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்றெல்லாம் போடக் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

வடிவத்தைப் பிடித்துக்கொண்டு விஷயத்தைக் கோட்டை விடுவது

கன்வென்ஷனல் கமிட்ஸ் முறையில் முதலில் வகை வரும், 'ஃபிக்ஸ்' (பிழைத் திருத்தம்) அல்லது 'ஃபீட்' (புது வசதி) மாதிரி. பிறகு முக்காற்புள்ளி, அதன் பின் ஒரு வரி விளக்கம். கமிட்லிண்ட் பார்ப்பது இந்த மாதிரி வடிவத்தை மட்டும்தான்: வகை பட்டியலில் உண்டா, விளக்கம் காலியாக இல்லையே, நீளம் அளவுக்குள் இருக்கிறதா. 'ஃபிக்ஸ்: வெயிட் இஷ்யூ' என்று அடித்தால் தாராளமாக உள்ளே விட்டுவிடும்.

அந்த 'வெயிட் இஷ்யூ' நான் போட்டது. மாங்கூழ் ஆலை ஒன்றுக்கு எடைமேடை பில்லிங் செய்து கொடுத்திருந்தோம். லாரி மேடையில் ஏறியதும் எடை காட்டும் இண்டிகேட்டரிலிருந்து சீரியல் போர்ட் வழியாக எடை வந்துகொண்டே இருக்கும். வண்டி ஆடி அடங்கும்வரை அந்த எண் 40, 60 கிலோ ஏறி இறங்கும். தொடர்ந்து ஐந்து முறை ஒரே எண் வந்தால்தான் பதிய வேண்டும் என்று நான்கு வரி சேர்த்தேன். ஏன் சேர்த்தேன் என்று ஓரிடத்திலும் எழுதவில்லை. சட்டம் போட்டவனே நான்தான். சட்டப்படி அந்த மெசேஜில் ஒரு குற்றமும் இல்லை.

இரண்டு வருஷம் கழித்து, ஸ்க்ரீன் மெதுவாக இருக்கிறது என்ற புகார் ஜூனியர் பெண் ஒருத்தியிடம் போனது. எந்த வரி எந்தக் கமிட்டில் வந்தது என்று காட்டும் கிட் பிளேம் போட்டுப் பார்த்தாள். அந்த நான்கு வரிக்கு நேராக 'வெயிட் இஷ்யூ'. என்ன இஷ்யூ, யாருக்கு, எப்போது? ஒன்றும் இல்லை. வெட்டியாகக் காத்திருக்கும் வரிகள் என்று நினைத்து எடுத்துவிட்டாள். அவள் இடத்தில் நானாக இருந்தாலும் எடுத்திருப்பேன்.

அது பெங்களூரா மாங்காய் குவியும் ஜூன் மாதம். ஆலை வாசலில் லாரி வரிசை. ஒரே லோடுக்குச் சீட்டில் ஒரு எடை, திரும்ப ஏற்றினால் இன்னொரு எடை. "என்னங்க, எங்க காய்லயே கை வெக்கறீங்களா?" என்று ஒரு விவசாயி என் முகத்துக்கு நேராகக் கேட்டார். கேபிளைச் சந்தேகப்பட்டோம். மேடைக்கு அடியில் எடையை உணரும் லோடு செல்லைச் சந்தேகப்பட்டோம். எடைமேடை மெக்கானிக்கை வரவழைத்துக் காசு கொடுத்தோம். இரண்டு ராத்திரி போன பிறகுதான், எந்தக் கமிட்டில் கெட்டது என்று பாதி பாதியாகத் தேடும் கிட் பைசெக்ட் ஓட்டலாம் என்ற புத்தியே வந்தது. அது நேராக அவளுடைய கமிட்டில் கொண்டுபோய் நிறுத்தியது. அங்கிருந்து என்னுடையதற்கு.

நான் எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான்:

'ஃபிக்ஸ்: லாரி ஆடி அடங்கும்வரை எடையைப் பதிய வேண்டாம்'

ஒரு வரி விட்டு: 'மேடையில் ஏறியதும் எண் 60 கிலோவரை ஆடுகிறது. ஐந்து முறை ஒரே எண் வந்தபின் எடுக்கிறோம். ஸ்க்ரீன் இரண்டு நொடி தாமதமாகும். தெரிந்தேதான் செய்தது.'

தலைப்பு வரிக்குக் கீழே வரும் இந்த விளக்கம்தான் பாடி. அது காலியாக இருந்தால் தடுக்கும் விதியும் கமிட்லிண்டில் உண்டு. போட்டுப் பார்த்தோம். மறுநாளே எல்லார் பாடியிலும் 'மேலே பார்க்கவும்' முளைத்தது. எடுத்துவிட்டோம். இப்போது ரிவ்யூவில் மனுஷன்தான் பார்க்கிறான். காரணம் புரியாவிட்டால் அப்ரூவல் கிடையாது. பாலக்கோட்டுப் பையனின் முதல் கமிட் 'ஃபிக்ஸ்: ரிவ்யூ கமெண்ட்ஸ்' என்று வந்தது. திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

ஹுக் இருக்கிறதே என்று நிம்மதியாக இருப்பது

கமிட் போடும்போது கமிட்லிண்டைத் தானாக ஓட்டுவது ஹுக் என்ற சின்ன ஸ்கிரிப்ட். ஹுக்குகள் வழக்கமாக இருப்பது புராஜெக்டின் டாட் கிட் ஃபோல்டருக்குள். இன்னொருவர் புராஜெக்டைக் குளோன் (நகல்) செய்தால் கூடவே வராது. ஹஸ்கி என்ற கருவியோ, கிட் 2.9-இல் வந்த கோர் ஹுக்ஸ்பாத் அமைப்போ அதைச் சரிக்கட்டும். ஆனாலும் கமிட் கட்டளையோடு 'நோ வெரிஃபை' சேர்த்தால் கமிட் மெசேஜ் ஹுக் ஓடவே ஓடாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தர்மபுரி பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் இதை எல்லாருமே கண்டுபிடித்துவிடுவார்கள். அதே சோதனையை, சர்வரில் தானாக ஓடும் சிஐ-யிலும் ஓட்டி, அது தேறாமல் மெர்ஜ் ஆகாதபடி வையுங்கள்.

ஐம்பது எழுத்தா, எழுபத்திரண்டா?

தலைப்பு வரி எவ்வளவு நீளம் இருக்கலாம் என்ற சண்டையை டீக்கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்குவாஷ் மெர்ஜை மறந்துவிடுவது

கிட்ஹப் தளத்தில், தனிக் கிளையில் செய்த வேலையை மெயின் கிளையில் சேர்க்கும்போது ஸ்குவாஷ் செய்தால் கிளையிலுள்ள கமிட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒன்றாகிவிடும். ஒரே கமிட் இருந்தால் அதன் தலைப்பும், ஒன்றுக்கு மேல் இருந்தால் புல் ரிக்வெஸ்டின் (சேர்க்கச் சொல்லிக் கேட்கும் கோரிக்கை) தலைப்பும் வந்து உட்காரும். நீங்கள் மாற்றாதவரை இதுதான் வழக்கம். கிளையில் ஏழு கமிட்டையும் சலித்துச் சலித்து விட்டிருப்பீர்கள். மெயினில் போய் விழுவது 'கிளையண்ட் சேஞ்சஸ்'. கமிட் வகையைப் பார்த்து வெர்ஷன் எண்ணை ஏற்றி வெளியிடும் செமான்டிக் ரிலீஸ் மாதிரி கருவி வைத்திருந்தால் இன்னும் மோசம். ஃபிக்ஸ் என்றால் பேட்ச் எண்ணையும், ஃபீட் என்றால் மைனர் எண்ணையும், பிரேக்கிங் சேஞ்ச் (பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம்) என்றால் மேஜர் எண்ணையும் அது ஏற்றும். வகை தெரியாத தலைப்பு மட்டும் வந்தால் ரிலீஸே போடாது. எங்கள் ஜிஎஸ்டி திருத்தம் ஒன்று இப்படித்தான் மூன்று நாள் மெயினிலேயே தூங்கியது. ஸ்குவாஷ் செய்யும் டீம் என்றால் புல் ரிக்வெஸ்ட் தலைப்பையும் சிஐ சோதிக்க வேண்டும்.

பழைய மெசேஜ்களைத் திருத்தக் கிளம்புவது

தொடாதீர்கள். ரீபேஸ் செய்து (பழைய கமிட்டுகளைத் திரும்ப எழுதி) ஃபோர்ஸ் புஷ் அடித்தால் (சர்வரில் கட்டாயமாக ஏற்றினால்) அங்கிருந்து மேலே எல்லா ஹாஷும், அதாவது கமிட்டின் அடையாள எண்ணும், மாறும். அதன் மேல் வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் உங்கள் சீட்டைத் தேடி வருவார்.